கராச்சர்மாவுக்குப் போகாத நாட்கள்

பூனையைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று என் கணவர் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டேன். அது எனக்கும் தெரிந்ததுதான். அடுத்து அவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"பூனைக்கென்ன, அது பாட்டுக்குச் சுத்தித் திரிஞ்சு திங்கும். நாம வாறப்ப இருந்தா இருக்கு, இல்லேன்னா வேற ஒண்ணு பாத்துக்கிடுவோம்."

இருந்தா இருக்கு என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "வேற ஒண்ணு பாக்கதுக்கு அது என்ன செருப்பா?"

அறுபதுகளின் கடைசி அது. அந்தமானில், லம்பா லைனில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மரச்சுவர், தகரக் கூரை. ஜன்னலைத் திறந்தால் விமான மைதானத்தின் புல்வெளி தெரியும். ஆவணியில் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் கடல் தாண்டி மெயின்லேண்ட் போவதென்றால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற காரியமில்லை. வருஷக்கணக்கில் லீவைச் சேர்த்து வைத்து, போனால் ஒரேயடியாக இரண்டு மூன்று மாதம் இருந்து, இரண்டு பக்கத்து உறவுகளையும் பார்த்து, வயிறும் மனசும் நிரம்பி வருவோம். அத்தனை நாளும் பூட்டிய வீட்டைச் சுற்றி அந்தப் பூனை என்ன செய்யும்? மைதானத்துப் பக்கம் கூட்டம் கூட்டமாக நாய்கள் திரிந்தன. எங்கள் வரிசையில் ஒரு குடும்பம் அப்படித்தான் பூனையை விட்டுவிட்டுப் போயிற்று. திரும்பி வந்தபோது பூனை இல்லை. எங்கே போயிற்று என்று சொல்லவும் ஆளில்லை.

எங்கள் பூனை சும்மா வளர்ந்த பூனை இல்லை. அந்தமான் பூரானைப் பார்க்காதவர்களிடம் அதைப் பற்றிச் சொன்னால் புரியாது. ஒரு சாணுக்கு மேல் நீளம் இருக்கும். கடித்தால் கட்டுமஸ்தான ஆளே ஊரைக் கூட்டிவிடுவான். என் மகள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில், ஒரு மழைக்காலத்து மத்தியானம், பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலைமாட்டுக்கு அப்படி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால் பூனையும் பூரானும் தரையில் புரண்டுகொண்டிருந்தன. பூரான் செத்தது. பூனைக்கு முகம் ஒரு பக்கம் வீங்கி, நாலைந்து நாள் ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தது. பாலைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்து அதைப் பிழைக்க வைத்தேன். நாங்கள் திரும்பி வரும்போது அந்தப் பூனை உயிரோடு இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அதில் இம்மி குறைந்தாலும் நான் கப்பல் ஏறுவதாக இல்லை.

"அப்ப உன் தங்கச்சி கல்யாணம்?" என்றார் அவர்.

"அதுக்கும் போவேன். இதையும் பாப்பேன்" என்றேன்.

தீவில் எங்களுக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு வீடு. என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்தவர்கள். அண்ணாச்சிக்கு, அதாவது மதினியின் வீட்டுக்காரருக்கு, மர மில்லில் வேலை. கராச்சர்மாவில் சொந்தமாகக் கொஞ்சம் இடம் வாங்கி, நாலு தென்னை, பத்துப் பாக்கு வைத்து, வீடு கட்டியிருந்தார்கள். பையன்கள் இரண்டு பேரும் திருநெல்வேலியில் பாட்டையா வீட்டில் தங்கிப் படித்தார்கள். அண்ணாச்சி காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். அதுவரைக்கும் மதினிக்குத் தன் கோழிகள்தான் துணை. மதினிக்குப் பூனை என்றால் ஆகாது. அதனால்தான் என் கணவர் "அக்காகிட்ட நான் கேக்க மாட்டேன், வேணும்னா நீ கேளு" என்று கழன்றுகொண்டார்.

கேட்டேன். மதினி கோழிக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, நல்லா இருக்கே நியாயம்! நீ ஊருக்குப் போயி கல்யாணச் சோறு தின்ன, நான் இங்கன ஒன் பூனைக்குச் சோறு வைக்கணுமாக்கும்?"

"ஆமா மதினி."

"என் குஞ்சுகளுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"அது பூரானைப் பிடிக்கும், எலியைப் பிடிக்கும். கோழியைத் தொடாது."

"நீ கண்டியா?"

"தொட்டா, நான் வந்து உங்க கால்ல விழுதேன்."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கேட்டுக்கோ. ஒரு குஞ்சு போச்சுன்னா அன்னைக்கே காட்டுக்குள்ள கொண்டு விட்டுருவேன். வைக்க சோத்த வைப்பேன், அவ்வளவுதான். மடியில வச்சுக் கொஞ்சுத வேலையெல்லாம் எங்கிட்ட ஆகாது."

சோறு வைப்பேன் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது பூனையைக் கொண்டுபோய் விட்டோம். மூடி போட்ட மூங்கில் கூடை ஒன்று வாங்கி, அதற்கும் முந்தியே ஒரு வாரம் அடுப்படியில் வைத்து, உள்ளே மீன் தலையைப் போட்டுப் பழக்கினேன். தானாகப் போய் உள்ளே படுத்துக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தது. ஆனால் மூடியைக் கட்டின மாத்திரத்தில் அத்தனை பழக்கமும் போயிற்று. மூடி இடுக்கு வழியாகக் கையை நீட்டி என் முழங்கையில் மூன்று கோடு கிழித்தது. பஸ்ஸில் கூடை போட்ட கூச்சலுக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யே க்யா ஹை? முர்கி?" என்றார் கண்டக்டர். கோழி என்று நினைத்துவிட்டார்.

"பில்லி" என்றேன்.

"பில்லி? பில்லி கஹாம் ஜாத்தி ஹை?" பூனை எங்கே போகிறது என்று கேட்டார்.

"ரிஷ்தேதார் கே கர்" என்றேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது என்று. பஸ்ஸே சிரித்தது. கராச்சர்மா வரைக்கும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, பூனையின் கூச்சலும்தான்.

மதினி வாசலிலேயே நின்றார். வேண்டாவெறுப்பாகப் பேசினாலும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிறவர் இல்லை. கூடையை நேராக அடுப்படிக்குக் கொண்டுவரச் சொன்னார். கதவு ஜன்னலெல்லாம் அடைத்தார். நான் பூனையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் நாலு பாதத்திலும் நல்லெண்ணெயைத் தடவினார். "நக்கிக்கிட்டே இருக்கும்லா. நக்கி முடிக்கதுக்குள்ள வீட்டு வாடை பிடிபட்டுரும்" என்றார். எங்கள் ஊரிலும் அப்படிச் செய்வதுண்டு. பூனை ஒரு பாதத்தைக்கூட நக்கவில்லை. எண்ணெய்க் காலோடு ஓடி, விறகு அடுக்கின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மதினியின் சாணி மெழுகிய தரையெல்லாம் எண்ணெய்ப் பாதம்.

அன்றைக்கு எங்களுக்கு விருந்து. ஊருக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடாமல் அனுப்பினால் தீவில் பெரிய குறை. சூரை மீன் குழம்பும் பொரியலும் வைத்திருந்தார் மதினி. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது என் மகள் விறகு அடுக்கைப் பார்த்து "பூனை, டாட்டா" என்றாள். விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடும் என்று தெரிந்துதான் கூப்பிடவில்லை. பஸ் ஏறினபிறகு எனக்கு அழுகை வந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கப்பல் போகவில்லை.

முதலில் இரண்டு நாள் தள்ளி என்றார்கள். அப்புறம் கடல் சரியில்லை என்றார்கள். அப்புறம் கப்பலே இன்னும் மெட்ராஸிலிருந்து கிளம்பவில்லை என்றார்கள். ஆடி மாதத்தில் இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் தீவில் கப்பல் தள்ளிப்போன குடும்பத்தின் பாடு இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கெட்டுப்போகும் என்று புளி, வெங்காயம், ஊறுகாய், அரிசி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவிடம் போய் என் புளியை நானே கடனாகக் கேட்டு வாங்கினேன். பாத்திரமெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள். ஒரே சட்டியில் சோறும் அதிலேயே குழம்பும். அபர்தீன் பஜாருக்குப் போக வெட்கம். நாலைந்து வீட்டில் வழியனுப்பு விருந்து சாப்பிட்டாயிற்று, எந்த மூஞ்சியோடு எதிரே போய் நிற்பது? பார்க்கிற ஆள் எல்லாம் "ஜஹாஜ் நஹி கயா?", கப்பல் போகவில்லையா, என்றுதான் ஆரம்பித்தார்கள். கப்பலைப் பிடித்துக் கட்டி வைத்தது நான்தான் என்பது மாதிரி கேட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பூனை விஷயத்தில்தான் என் கணவர் ஒரு காரியம் செய்தார். கப்பல் தள்ளிப்போனதை அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று, எனக்குச் சொல்லாமல், ஆபீஸிலிருந்து நேரே கராச்சர்மாவுக்குப் போயிருக்கிறார். அதுவரை பூனை விறகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஒரு வாய் இரண்டு வாய் சாப்பிட ஆரம்பித்திருந்ததாம். இவர் குரலைக் கேட்டதும் பாய்ந்து வந்து காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவரும் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார். வேற ஒண்ணு பாத்துக்கிடுவோம் என்று சொன்ன அதே ஆள்தான்! அப்புறம் கிளம்பும்போது பூனை பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்து, பஸ் படியில் தாவி ஏறிவிட்டது. அண்ணாச்சி ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்து, கையெல்லாம் கீறல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். மறுபடியும் விறகுக்குப் பின்னால். மறுபடியும் சோறு இல்லை, தண்ணீர் இல்லை.

இதையெல்லாம் மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சிதான் வந்து சொன்னார். மில்லிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே சொல்லிவிட்டுப் போனார். கையில் கீறலுக்கு மஞ்சள் அப்பியிருந்தது.

அன்றைக்கு நான் சட்டம் போட்டேன். "கப்பல் ஏறுத வரைக்கும் இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆள் கராச்சர்மா பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. நானும்தான், நீங்களும்தான், பிள்ளையும்தான்."

"அக்கா என்ன நினைப்பா?"

"என்ன வேணா நினைக்கட்டும். இன்னொரு தடவை நம்மளப் பாத்துட்டு அது ரோட்டுக்கு வந்தா லாரியில அடிபடும், இல்ல காட்டுக்குள்ள போயிரும். நாம நடுக்கடல்ல இருப்போம். அப்ப யாரு தேடுவா?"

அவர் சரி என்று தலையை ஆட்டினார். பஸ் படியில் அது ஏறினதை நினைத்திருப்பார்.

அப்புறம் தினமும் பொழுது சாயும் நேரத்துக்குச் சைக்கிள் மணிக்குக் காத்திருப்பதே என் வேலை. அண்ணாச்சி அதிகம் பேசுகிறவர் இல்லை. "இன்னைக்கும் திங்கல" என்பார். "பால் குடிச்சிச்சு" என்பார். ஒருநாள், "சாயந்தரம் பஸ் வாற நேரம் வாசல்ல போயி உக்காருது. பஸ் போனதும் உள்ள வந்துருது" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியே எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. அரைமணி நேரத் தூரம்கூட இல்லை.  நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகக்கூடாது, போனால் மறுபடி முதலிலிருந்து என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக "கியா ஹுவா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

இந்த நேரம் பார்த்து மதினியிடமிருந்து அழைப்பு வந்தது. கப்பல் போகாததால் பழைய விருந்து கணக்கில் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டுமாம்.

"வர முடியாதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். அவர் அப்படி இறங்கினதே அபூர்வம். "அவ கோழி அடிக்கச் சொல்லிட்டாம்மா. செவப்புக் கோழி."

மதினி தன் கோழிகளை அடிக்கச் சம்மதிக்கிறவரே இல்லை. தீபாவளிக்கே அண்ணாச்சி கடையில் போய்க் கறி வாங்கி வருவார். அதிலும் சிவப்புக் கோழி, தவறாமல் முட்டை போடுகிற கோழி.  ஆனாலும் முடியாது என்றேன். பூனை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன், வந்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண் என்றேன்.

மறுநாள் பதில் வந்தது. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஒரு பூனைக்காவ எங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டாளாமா? அப்ப ஊருலேர்ந்து வந்தும் மிதிக்க வேண்டாம்னு சொல்லுதா. பூனையையும் இப்பவே வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லுதா."

என் கணவர் என்னைப் பார்த்தார். இதற்குத்தானே சொன்னேன் என்கிற பார்வை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மதினியின் கோபத்தில் தப்பில்லை. கூப்பிட்ட விருந்துக்கு வராதவளை யார்தான் மன்னிப்பார்கள்? ஆனால் நான் சொல்வதிலும் தப்பில்லை. இப்போது போனால் பூனை போச்சு, போகாவிட்டால் மதினியும் போச்சு, மதினி போனால் பூனையும் போச்சு. அன்று ராத்திரி பூராவும் அதையே போட்டு உருட்டினேன். பொழுது விடியும்போது எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. தோன்றினபிறகு நான் யார் சொல்வதையும் கேட்கிறவள் இல்லை. சாயங்காலம் சைக்கிள் வந்து நின்றதும் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. விருந்து எங்க வீட்டுல."

"போறவங்க வீட்டுல விருந்தா?" என்றார். "அப்படி வழக்கம் இல்லியேம்மா."

"இல்லேன்னா இனிமே இருக்கட்டும். மதினி வரலேன்னா நான் கப்பல் ஏற மாட்டேன்னு சொல்லுங்க. ஒத்தக் கால்ல நிக்கேன்னு சொல்லுங்க."

டிரங்குப் பெட்டியைத் திறந்து பாத்திரங்களை வெளியே எடுத்தேன். வீடு வீடாகப் போய் நான் கொடுத்த சாமான்களையெல்லாம் திரும்பக் கேட்டேன். ஒருத்தி என் ஊறுகாயைத் தின்று தீர்த்துவிட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வெட்கத்தையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் வரவில்லை. சோறு ஆறிப்போயிற்று. என் கணவர் இரண்டு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவை அவர் கிளம்பும்போதுதான் பஸ் வந்து நின்று, மதினி இறங்கினார். பின்னால் அண்ணாச்சி. மதினி கருநீலச் சுங்குடி கட்டியிருந்தார். கையில் தூக்குச்சட்டி.

உள்ளே வந்து, தூக்குச்சட்டியை என் முன்னால் ணங்கென்று வைத்தார். "இந்தா. செவப்புக் கோழி. அடிச்சாச்சு, வச்சாச்சு. நீ வர மாட்ட, பெரிய மகராணி. நான் மானங்கெட்டவ, சொமந்துகிட்டு வந்துட்டேன்."

"உக்காருங்க மதினி."

"உக்காரதுக்கு வரல. ஒரு கேள்வி கேக்க வந்தேன். ஒனக்கு நான் பெருசா, பூனை பெருசா?"

என் கணவரும் அண்ணாச்சியும் வாசல் பக்கம் நழுவினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எனக்கு மட்டும் வரணும்னு ஆசை இல்லைன்னா நினைக்கிய? தினமும் அது பஸ்ஸப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குன்னு அண்ணாச்சி சொல்லுதாவ. எனக்கு இங்கன வயிறு எரியுது மதினி. எம் பிள்ளையக் காப்பாத்துன சீவன். உங்களைவிட்டா எனக்கு இந்தத் தீவுல யாரு இருக்கா? உங்களை நம்பித்தானே விட்டேன்? நான் வந்து பாத்தேன்னா அது உங்ககிட்ட ஒட்டாது. உங்ககிட்ட ஒட்டணும்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இங்கன உக்காந்திருக்கேன்."  சிறுபிள்ளை மாதிரி விம்மினேன்.

 மதினி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். "சரிளா, கண்ணத் தொடச்சுக்கோ. சவத்துப் பூனை, அதுக்குப் போயி" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் கவனித்தேன். மதினியின் கருநீலச் சேலையில், மடி இருக்கிற இடத்தில், வெள்ளை வெள்ளையாக முடி ஒட்டியிருந்தது. எங்கள் பூனை முழு வெள்ளை, வால் மட்டும்தான் சாம்பல். விருந்துக்கென்று எடுத்து உடுத்த சேலை, அதைக் கட்டினபிறகும் பஸ் ஏறும் வரைக்கும் பூனை மடியில் இருந்திருக்கிறது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதே நேரம், உண்மையைச் சொல்ல வேண்டுமே, ஓரத்தில் சுருக்கென்றும் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மதினி இல்லவே இல்லை என்று சாதிப்பார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எழுந்து இலை போட்டேன். சிவப்புக் கோழி அவ்வளவு ருசியாக இருந்தது. மதினி மட்டும் அதைத் தொடவில்லை.

அந்த வாரத்திலேயே கப்பல் வந்தது, ஏறினோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம், தாலி கட்டுகிறதைப் பார்த்தோம். ஊரில் எல்லாரும் அந்தமானில் சிங்கம் புலி உண்டா, காட்டு மனுஷர்கள் உண்டா என்று கேட்டார்கள். பூனையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நான் சொன்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் திரும்பி வந்த மறுநாளே கூடையோடு கராச்சர்மாவுக்குப் போனோம். முற்றத்தில் பூனை வெயிலில் படுத்திருந்தது. நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்த நாளில் சோறு தின்னாமல் கிடந்த பூனையா இது? கழுத்து தடித்து, வயிறு தரையில் விழுந்து கிடந்தது. அதன் முதுகுப் பக்கமாகவே கோழிக்குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஒன்று வாலை மிதித்துக்கொண்டு போனது. என் மகள் கூப்பிட்டாள். பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. உடனே வரவில்லை. எழுந்து, சோம்பல் முறித்து, மெதுவாக வந்து அவள் காலை முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. அப்புறம் தலையை அவள் காலில் ஒரு இடி இடித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உயிரோடு இருக்கிறது, எங்களையும் மறக்கவில்லை. நான் கேட்டது அவ்வளவுதானே?

மதினி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மதினி, இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். மனசு முழுதாகச் சம்மதித்துத்தான் கேட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டேன்.

"என்னத்துக்கு? பிள்ளை இருக்க வீடு, பூரான் வாற வீடு. அங்கதான் இருக்கணும்" என்றார். "கூடையக் கொண்டா."

என் கையைக் கிழித்த அதே பூனை. மதினி கூடையைத் தரையில் வைத்து, உள்ளே தட்டினார். சத்தமில்லாமல் தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மதினியே மூடியைக் கட்டினார். கட்டி முடித்ததும் படபடவென்று பேசினார். பால் சூடாக வைக்கக்கூடாது, மீனில் முள் எடுக்க வேண்டாம் அதுவே எடுத்துக்கொள்ளும், இடி இடித்தால் பயப்படும் பக்கத்தில் இருக்க வேண்டும். இடிக்குப் பயப்படும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டேன்.

"சீக்கிரம் ஒரு நாள் வந்து பாருங்க மதினி" என்றேன்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ் வரைக்கும்கூட வரவில்லை.

அதற்கப்புறம் மதினி லம்பா லைன் பக்கம் வரவே இல்லை. கோயிலுக்கு வருவார், பஜாருக்கு வருவார், எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். ஏதோ மனத்தாங்கல் என்று என் கணவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். ஐப்பசி வந்தது. தீபாவளி அன்று காலையில் அண்ணாச்சி மட்டும் புது வேட்டியோடு, முறுக்கும் அதிரசமும் நிறைத்த தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"மதினி எங்க?" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "நல்ல நாளும் அதுவுமா இப்படியா செய்வாவ?"

அண்ணாச்சி வீட்டுக்குள் படுத்திருந்த பூனையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வந்திருக்காம்மா. பஸ் ஸ்டாப்புல நிக்கா."

செருப்புப் போடவும் தோன்றாமல் ஓடினேன். தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் புதுச் சேலை கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றார். நான் மூச்சிரைக்கப் போய் எதிரே நின்றேன். மதினி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் ஓடி வந்த ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்.

"கதவ அடைச்சிட்டுத்தான வந்த?" என்றார்.